மேஜைக்குக் கீழே ஒரு கை

குளியலறையில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் எலும்பு முறிந்தது. அதோடு விட்டதா? என் நுரையீரல் ஏற்கெனவே ஓட்டைத் துருத்தி. முழு மயக்கம் கொடுத்தால் திரும்ப எழுப்ப முடியுமா என்பதே சந்தேகம் என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டார். முதுகில் போடும் ஊசி பிடித்தால்தான் பிழைப்பு.

“பயப்படாதீங்க அத்தை, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்,” என்றாள் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை வந்த மருமகள்.

“நீ முதல்ல போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு,” என்றேன்.

மேஜை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரவைத்தார்கள்.

“முதுகை நல்லா வளைங்கம்மா. நிமிர்ந்தீங்கன்னா எலும்புக்கு நடுவுல ஊசிக்கு வழி கிடைக்காது.”

“இந்த வயித்தை வச்சுக்கிட்டு எங்க டாக்டர் வளையறது?”

நர்ஸ் சிரித்துக்கொண்டே என் தோள்களை அமுக்கிப் பிடித்தாள். முதல் ஊசி எலும்பில் முட்டியது. அடுத்தது உள்ளே போனது. இடுப்புக்குக் கீழே வெந்நீர் ஊற்றினாற்போல் சூடு பரவியது. உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் டாக்டர். தொப்புள்வரை சில்லிப்பே தெரியவில்லை.

“அருமையா பிடிச்சிருக்கு.”

“ஆனா கால் இன்னும் கீழதான் தொங்குது டாக்டர்.”

“அப்படித்தாம்மா இருக்கும். மரத்துப்போறதுக்கு முன்னாடி கால் எப்படி இருந்துச்சோ, மூளை அதையே பிடிச்சுக்கும். கால் நேராத்தான் கிடக்கு.”

சரியென்று கண்ணை மூடினேன். அப்போதுதான், கீழே தொங்குவதாகத் தோன்றிய என் வலது கால் கட்டைவிரலை ஒரு கை பிடித்தது. சின்னக் கை. ஈரமாக இருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். என் இடுப்புக்கு மேலே கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எலும்பு டாக்டர் கேட்டார்: “அவங்களுக்கு ஏதாவது தெரியுதா? தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க, முழு மயக்கத்துக்குப் போயிடலாம்.”

“ஒண்ணுமே தெரியல,” என்றேன்.

எலும்பைத் துளைக்கும் சத்தம் கேட்டது. வலி துளிகூட இல்லை. அந்தக் கை மட்டும் விரலை விட்டுக் கணுக்காலுக்கு ஏறி, மெதுவாக இழுத்தது. இழுக்க இழுக்கக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“பிரஷர் இறங்குது!” மயக்க டாக்டர் அவசரமாக மருந்தை ஏற்றிவிட்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்தார். “என் கையை விடாதீங்கம்மா. பேசிக்கிட்டே இருங்க.”

“கீழ இழுக்குது டாக்டர்...”

“நான் பிடிச்சிருக்கேன்ல? இழுக்கிறவங்க வேணும்னா எங்கூட வரட்டும்!”

எனக்குத் தைரியம் வரட்டுமென்று விளையாட்டாகத்தான் சொன்னார். காலில் இருந்த பிடி சட்டென்று விட்டது. எனக்கு மூச்சு வந்தது. நர்ஸ் என் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

தையல் போட்டு முடித்தார்கள். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே மயக்க டாக்டர் சொன்னார்: “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. இப்பவாவது என் கையை விடுங்களேன்.”

“நான் அப்பவே விட்டுட்டேனே டாக்டர்.”

திரும்பிப் பார்த்தார். என் இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன. மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த தன் கையைக் குனிந்து பார்த்தார். அமுக்கிப் பிடித்தாற்போல் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

அந்தக் கைப்பக்கத் தோளைச் சற்றுச் சாய்த்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி, சின்னச் சின்ன அடியாக வைத்து வெளியே நடந்தார்.