கழிப்பறைக்குக் குடிபோன கிடாரி

கழிப்பறை கட்டி முடித்து, பூசிய சிமெண்டும் காய்ந்துவிட்டது. ஆனால் பழனியம்மாள் அதற்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அவள் புருஷன் தர்மன் சொல்லிவிட்டான். புதிதாகச் சுவர் எழுப்பிக் கதவு வைத்த எதற்குள்ளும் முதலில் மாடுதான் நுழைய வேண்டும். நுழைந்தால் மட்டும் போதாது, உள்ளே நின்று சாணியோ கோமியமோ விட வேண்டும். வெள்ளிமலைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லா வீடுகளும் அப்படித்தான் விளங்கின.

"அது வூட்டுக்குய்யா. இது கக்கூசு," என்றாள் பழனியம்மாள்.

"செவுரு இருக்குதா? கதவு இருக்குதா? கூரை இருக்குதா? அப்புறம் இன்னா?"

வாதாடும் நிலையில் அவள் இல்லை. போன மழையில் ஓடைச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் பிசகியதிலிருந்து, இனி அந்தப் பக்கம் ஒதுங்கப் போவதில்லை என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாள். "காலையிலயே முடிச்சிடலாம்" என்று தர்மன் சொன்னதை நம்பி, விடியலிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் பசு பெரியது, அந்தக் குறுகிய கதவில் நுழையாது. அதனால் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் இன்னும் கன்று போடாத தன் ஒல்லிக் கிடாரியை மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துப் பிடித்து வந்தாள். வெல்லத்தைக் காட்டியதும் அது உள்ளே போயிற்று. இரண்டு பக்கமும் சுவர் இடிக்க, வால் மட்டும் வெளியே தொங்க, பீங்கானைப் பார்த்தபடி நின்றது. நின்றதோடு சரி.

சாமைக் கொல்லைக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் காட்டச் சொன்னார். கிடாரி குடித்தது. இன்னொருவர் புல் கொடுக்கச் சொன்னார். அதையும் தின்றது. வெளியே ஒன்றும் வரவில்லை.

"கொழந்தைக்குச் செய்யிற மாதிரி செஞ்சி பாக்கறேன்" என்று குஞ்சம்மாள் வாலருகே குனிந்து, "உஸ்ஸ்ஸ்..." என்றாள். சொம்பிலிருந்து தண்ணீரை நூல்போல ஊற்றியும் காட்டினாள். ஊரும் சேர்ந்துகொண்டது. "உஸ்ஸ்ஸ்..."

கிடாரி அசைபோட்டது. பழனியம்மாள்தான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"அந்த சத்தத்த நிறுத்துங்கடி! புண்ணியமாப் போவும்!"

"உனுக்கு இன்னாத்துக்கு அவசரம்? மாட்டுக்கே அவசரமில்ல," என்றான் தர்மன்.

"மாடு உன் கூட வாழலியே, அதான்!"

சிரிப்பு அடங்குவதற்குள் சிவரஞ்சனி வந்து சேர்ந்தாள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து படம் எடுக்க வந்தவள். கழிப்பறையும் அதன் பயனாளியும் ஒரே படத்தில் விழ வேண்டும். மலையில் ஊர் ஊராகப் போய், மனிதர்களை உள்ளே போகச் சொல்லிக் கெஞ்சுவதுதான் அவள் வேலை. ஓர் ஊரே கூடி நின்று மாட்டைக் கெஞ்சுவதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"மாட்ட வெளிய எடுங்கண்ணா. நான் வேற ஊருக்குப் போவணும்."

"அது போவாம எடுக்கக் கூடாது மேடம். வூடு வெளங்காது," என்றான் தர்மன்.

"எப்பப் போவும்?"

"அத நாம கேக்க முடியுங்களா?"

சிவரஞ்சனி பெருமூச்சு விட்டாள். முதலில் உட்புறத்தையாவது எடுப்போம் என்று கிடாரியின் முதுகுக்கு மேலே கைபேசியை நீட்டினாள். இருட்டுக்கு அது தானாகவே பளீரென்று ஒளியைக் கக்கியது. கிடாரி மிரண்டு பின்னாலேயே துள்ளி வெளியே வந்து, குஞ்சம்மாளை உருட்டிவிட்டு, வாசலைத் தாண்டி, வெட்டவெளியில் காலை அகட்டி நின்று, காலையிலிருந்து சேர்த்து வைத்த அனைத்தையும் விட்டது.

எல்லாரும் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்கள்; உள்ளே துளிச் சாணிகூட விழவில்லை.

"போச்சு," என்றான் தர்மன். "வெளிய போயிடுச்சி. இந்த எடம் அதுக்குப் புடிக்கல. செவுத்த இடிச்சிட்டு வாசல கெழக்கால மாத்தி வெச்சிரலாம். வளர்பிறையில இன்னொரு தரம் நொழைய விடுவோம். எடுடா கடப்பாரய!"

வளர்பிறை! பழனியம்மாளுக்குக் கண் இருட்டியது. நொண்டியபடி கூட்டத்தை விலக்கி, குஞ்சம்மாள் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள்.

"அதுக்குப் பழக்கமில்ல, வெளிய போச்சு. எனுக்கும் அதயே சொல்றியா நீ?"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏய்! மாடு போவாத எடத்துல..." தர்மன் கதவுவரை ஓடி, அதைத் தட்டலாமா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே நின்றான். கூட்டம் தானாகவே முதுகைத் திருப்பிக்கொண்டது.

சிவரஞ்சனிக்கு மட்டும் படம் பாக்கி இருந்தது.

"அம்மா, உங்க மொகம் தெரியணும்மா."

"கதவ படம் எடுத்துக்கோ கண்ணு," என்றது உள்ளிருந்து நிதானமாக வந்த குரல். "நான் உள்ளதான் இருக்கறேன்னு எழுதிக்க."