பருந்துக்குப் பின்னால் ஒரு வடம்

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட நீ இவ்வளவு மேக்கப் போட மாட்டியேடா!" அக்கா தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் பருந்து சிறகை விரித்திருந்தது. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் தம்பி, புகைப்படப் போட்டிக்காகக் காலையில் மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம். இரண்டு தெரு தள்ளி எழும்பும் கட்டடத்தின் கிரேன் உச்சியில் அந்தப் பருந்து கூடு கட்டியிருந்தது. கிரேனை ஓட்டுபவர் அக்காவின் கணவர்.

கிரேனின் நீண்ட கையை மேலிருந்து தாங்கும் இரும்பு வடம், பருந்துக்குப் பின்னால் தெரிந்தது. அதில் முடி முடியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டுக்குப் போகிற சுள்ளி என்று நினைத்து அதையும் அழித்துவிட்டான்.

போட்டிக்குத் திருத்தாத அசலையும் அனுப்ப வேண்டும். திறந்து பெரிதாக்கினான்.

சுள்ளி இல்லை. வடத்தின் இழைகள். எட்டு மணிக்கு எடுத்த வேறொரு படத்தில் மூன்று அறுந்திருந்தன. பத்து மணிக்கு எடுத்த இந்தப் படத்தில் ஒன்பது.

மாமாவுக்குப் போன் போட்டான். எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"மேல ஏறும்போது போனைக் கீழேயே வெச்சுடுவாரே. ஏன்டா, என்ன?"

"கட்டடத்து கேட்டுக்கு ஓடு அக்கா. மாமாவை இறங்கச் சொல்லு. எதுவும் கேக்காதே, ஓடு!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அந்தக் கட்டடத்து மேஸ்திரியின் நம்பர் அவனிடம் இருந்தது. போன மாதம் அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் அவன்தான். படத்தை அனுப்பிவிட்டு அழைத்தான்.

"வடம் அறுந்திருக்கா? நீ அனுப்பின படத்துல பட்டு மாதிரி இருக்கேப்பா!"

அவசரத்தில் போயிருந்தது துடைத்த படம். நாக்கைக் கடித்துக்கொண்டு அசலை அனுப்பினான். அவர் அதையும் திறந்து பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு.

"ரெண்டே நிமிஷத்துல கம்ப்யூட்டர்ல வடத்தைப் பிச்சுட்டியா? என் பொண்ணு கன்னத்து மச்சத்தையே காணாம அடிச்ச ஆளாச்சே நீ! கான்கிரீட் போட்டுட்டிருக்கோம். விளையாடாம வைப்பா."

"அண்ணே, சத்தியமாச் சொல்றேன்..."

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை.

மாடிக்குப் பாய்ந்து லென்ஸைத் திருப்பினான். கொக்கியில் கான்கிரீட் தொட்டி தொங்கியது. அதற்கு நேர் கீழே ஏழெட்டு மஞ்சள் ஹெல்மெட்டுகள். வடத்தில் அறுந்த இழைகளை இப்போது எண்ணவே முடியவில்லை. தெருமுனையில் அக்கா இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வெறி பிடித்தவன் போல ஆட்டினான்.

"மாமா! இறங்குங்க மாமா!"

திரும்ப லென்ஸில் கண் வைத்தான். மாமா பார்த்துவிட்டார். கேபின் கண்ணாடிக்குள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கலைந்த தலையைக் கையால் கோதிக்கொண்டார். மச்சான் போட்டோவுக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

படம் நன்றாக விழட்டும் என்று, சுமையோடு கிரேனின் கையை அவன் பக்கமாக மெல்லத் திருப்பத் தொடங்கினார்.