சம்மந்தி வீட்டு முதல் சீர்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு நடுவே இருக்கும் மேட்டுத்திட்டுக்குப் படகில்தான் போகவேண்டும். சுனாமிக்குப் பிறகு அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது. எல்லா வீட்டுக் கழிவும் ஊர்க்கோடியில் ஒரு மூடிய தொட்டிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று தீர்க்கும். மிச்சத் தண்ணீர் ஜல்லிப் படுகையில் நட்ட கல்வாழைக்குப் பாயும். இத்தனைக்கும் காவலாளி அருள்நாதன். காவலாளி என்று ஊர்தான் சொல்லும். அவர் தன்னை ஆபரேட்டர் என்றே சொல்லிக்கொள்வார்.

மகன் ஜெரிக்கு ராயபுரத்தில் பெண் பார்த்திருந்தார்கள். ரூத் என்ற அந்தப் பெண், தீவில் கக்கூஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்றாள். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஜெரி சோறு இறங்காமல் கிடந்தான். ஆக, மகன் கல்யாணம் அப்பனின் தொட்டியில் வந்து நின்றது. அருள்நாதனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெருமை வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பெண் வீட்டார் வரும் நேரத்தில் தொட்டி மணக்கட்டும் என்று பினாயிலைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினார். பினாயில் பட்டால் கிருமிகள் செத்துவிடும் என்று பயிற்சியில் சொன்னதைத் தீவுக்கே ஒப்பித்தவர் அவர்தான். தன் வீட்டுக் கக்கூஸில் அரை மூடி ஊற்றிய பக்கத்து வீட்டு ரோஸ்மேரியை மாதா கோயில் வாசலில் நிறுத்தி ஏசியவரும் அவர்தான். அந்தச் சட்டமெல்லாம் ஊருக்கு, ஆபரேட்டருக்கு இல்லை என்று அவருக்குள் ஒரு நினைப்பு.

தொட்டி நாறத் தொடங்கியது. இன்னும் ஊற்றினார். இன்னும் நாறியது. கல்வாழை தலை தொங்கியது. மனைவி ஹில்டா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்டபோது, கடல் காற்று என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரூத்தும் அவள் அம்மா சிலுவையம்மாளும் வந்து இறங்கினார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் சிலுவையம்மாளே நாற்றம் தாங்காமல் துறையில் அப்படியே நின்றுவிட்டாள்.

அருள்நாதனிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. எண்ணூரில் எந்த நாற்றத்துக்கும் பழி போட ஒரு புகைபோக்கி கிடைக்கும். வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். ஃபேக்டரி நாற்றம் என்றால் அது என்றைக்கும் போகாது. எந்தப் பெண் இங்கே வாழ வருவாள்? தன் நாற்றம் என்றால் ஒருநாள் போய்விடும், கூடவே மரியாதையும் போகும். ஜெரி படகுக் கயிற்றைப் பிடித்தபடி ரூத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த அப்பனுக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"நான்தாம்மா பினாயில ஊத்தி எல்லாத்தையும் சாவடிச்சிட்டேன். ஊத்தாதேன்னு ஊருக்கெல்லாம் சொன்னவனும் நான்தான். தப்பு என் மேல கீது, தொட்டி மேல இல்ல."

ரோஸ்மேரி அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தாள். ரூத் சிரிக்கவில்லை. மறுபடி உயிர் வருமா என்று கேட்டாள். நன்றாக வேலை செய்யும் செப்டிக் டேங்கிலிருந்து கொஞ்சம் சேறு கொண்டுவந்து ஊற்றினால், தயிருக்கு உறை குத்துவதுபோலப் பிடித்துக்கொள்ளும் என்றார் அருள்நாதன். ஆனால் சேற்றுக்கு எங்கே போவது? தீவிலிருந்த ஒரே தொட்டியைத்தான் அவரே கொன்றிருந்தாரே. அம்மாவும் மகளும் திரும்பப் படகேறிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க, ஆபரேட்டராம் ஆபரேட்டர் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த ஞாயிறு படகில் ஒரு நீல கேன் வந்தது. மூடியைச் சுற்றி மல்லிகைச் சரம். பக்கத்தில் பட்டுப்புடவையில் சிலுவையம்மாள், அவளுக்குப் பின்னால் ரூத். பெண் வீட்டுச் சீர் வருகிறது என்று ஊரே துறைக்கு ஓடியது. கிட்டே போனபிறகுதான் வாசனை விஷயத்தைச் சொன்னது. சம்மதமா என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ரூத் ஜெரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அருள்நாதன் கண் கலங்க, கேனைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டார்.

"பாத்து ஊத்துங்க, சம்மந்தி," என்றாள் சிலுவையம்மாள். "எங்க வூட்டு மானமே அதுக்குள்ளதான் கீது."