மைலோ நின்ற வளைவு

டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற டோரீனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஊரடங்கில் முதலாளி ஜெஃப்ரி ஈப்போ நகரில் மாட்டிக்கொள்ள, சுற்றுப்பயணிகளை ஏற்றிப்போகும் மட்டக்குதிரை மைலோவின் பாடு அவள் தலையில் விழுந்தது. தினமும் தேயிலை மலைச் சாலையில் அதை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

இன்றும் அதே வளைவில் மைலோ நின்றுவிட்டது. இழுத்தாள், அசையவில்லை. காரட்டை நீட்டினாள், தின்றுவிட்டு மறுபடியும் நின்றது.

“என்னடா ஆச்சு ஒனக்கு? பேயக் கீய பாத்துட்டியா?”

ஜெஃப்ரிக்குப் போன் போட்டாள். “பாஸ், கால்ல அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் நிக்குதுன்னே புரியல லா.”

“கால போட்டோ எடுத்து அனுப்பு, பாப்போம்.”

கைப்பேசியைத் தூக்கினாள். மைலோ தலையை நிமிர்த்தி, காதை விடைத்துக்கொண்டது. படம் எடுத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் நடக்கத் தொடங்கியது.

டோரீன் வாயைப் பிளந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்க நிற்கிற இடமல்லவா இது!

அடுத்த வளைவிலும் நின்றது. படம் எடுத்தாள். நகரவில்லை.

“இப்ப என்னடா?”

அப்புறம்தான் உறைத்தது. இந்த இடத்தில் எல்லாரும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் எடுப்பார்கள்.

திட்டிக்கொண்டே கழுத்தைக் கட்டி, கன்னத்தை ஒட்டி, ஒரு படம் எடுத்தாள். கதகதப்பாக இருந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் தனியாளாக, யாரிடம் பேசினாலும் ஒரு மீட்டர் தள்ளியே நின்று எத்தனை வாரம் ஆயிற்று?

மைலோ கயிற்றை இழுத்தது. டோரீன்தான் நகரவில்லை.