பெண் பார்த்த அன்று பிணைந்த சாரைகள்

தீபாவைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வருபவர்கள் களம்பூர் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோது, அவள் அப்பா லோகநாதன் வீட்டுக்குப் பின்னால் கை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் அரக்குச் சிவப்பு மிச்சமிருக்கும். புது வேட்டியில் பட்டுவிடக் கூடாதென்று கைகளை முன்னால் நீட்டியபடி திரும்பியவர், முருங்கை மரத்தடியில் இரண்டு சாரைப் பாம்புகள் முறுக்கிய கயிறுபோல் பிணைந்து இடுப்பளவு நிமிர்ந்து நிற்பதைக் கண்டார்.

பிணையும் பாம்புகள் மேல் துணியைப் போட்டு, அந்தத் துணியை பீரோவில் வைத்துக்கொண்டால் வீட்டில் ஒரு குறையும் இருக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர்.

"உண்ணாமல! ஒரு துணி எடுத்துகினு வா, ஜல்தி!"

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "கரித்துணிதான் கையில கீது. தரட்டா?"

"லட்சுமி வர்ற நேரத்துல கரித்துணியா?"

இனிமேல் பேசிப் பயனில்லை என்று லோகநாதன் இடுப்பு வேட்டியை அவிழ்த்து வீசினார். அது பாம்புகளுக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது.

சத்தம் கேட்டு மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பன்னீர்செல்வத்தின் தலை தெரிந்தது. ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலை மறைந்தது. மறுபடி தெரிந்தபோது, காலையில் தறியிலிருந்து அறுத்த மாம்பழ நிறப் பட்டுப் புடவை கையில் இருந்தது. மதில் மேல் ஏறி உட்கார்ந்து வீசினார். அது காற்றில் விரிந்து பாம்புகளை மூடியது. உள்ளே இரண்டும் எதையும் சட்டை செய்யவில்லை. புடவை தானாக எழுந்து எழுந்து ஆடியது.

"என் தோட்டம், என் பாம்பு! புடவைய எட்றா!" என்றார் லோகநாதன்.

"பாம்புக்குப் பட்டா வாங்கி வெச்சிகீறியா? எவன் துணி மேல பட்டுச்சோ அவனுக்குத்தான்." பன்னீர்செல்வம் குதித்து வந்து புடவையின் முந்தியைப் பிடித்தார். லோகநாதன் அவர் இடுப்பைப் பிடித்தார்.

வாசலில் கூப்பிட்டும் யாரும் வராததால், மாப்பிள்ளை சதீஷும் அவன் அம்மா மணிமேகலையும் சத்தத்தைத் தொடர்ந்து சந்து வழியாகப் பின்னால் வந்தபோது, புடவை சரிந்திருந்தது. ஒரு பக்கம் இரண்டு பாம்புகள் கட்டிக்கொண்டிருந்தன. மறுபக்கம் பட்டாபட்டி டிராயரோடு ஒருவரும் இன்னொருவரும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க," என்றார் லோகநாதன், பிடியை விடாமல்.

மணிமேகலை அவரைப் பார்க்கவே இல்லை. பாம்புகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்த எடத்துல ஜோடிப் பாம்பு! இதுக்கு மேல சகுனம் வேணுமா? எனக்குப் பரிபூர்ண சம்மதங்க." பிறகு, பக்கத்தில் காபித் தட்டோடு வந்து நின்ற பெண்ணிடம், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மறைக்கிது," என்றாள்.

தீபா தள்ளி நின்றாள்.

நாற்காலிகள் வந்தன. லோகநாதன் துண்டைச் சுற்றிக்கொண்டார். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பஜ்ஜி தின்றபடி பாம்புகளைப் பார்த்தார்கள். சதீஷ் மட்டும் நெளிந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார்.

"அம்மா, இது ஜோடி இல்ல."

"பின்ன?"

"ரெண்டும் ஆம்பள. ஒரு பொம்பளப் பாம்புக்காகச் சண்ட போட்டுகினு கீதுங்க. எது மத்ததோட தலைய கீழ அமுக்குதோ, அது ஜெயிச்ச மாதிரி."

பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது. "வாத்தியார் வேலைய ஸ்கூல்ல வெச்சிக்கோ," என்றாள் மணிமேகலை பல்லைக் கடித்து.

"அப்ப நீங்க சொன்ன சம்மதம்?" உண்ணாமலை கேட்டாள்.

"பாம்பு இன்னான்னு முடிவாவட்டும், சொல்றேன். ஏண்டா, எப்பிடித் தெரிஞ்சிக்கறது?"

"புடிச்சித் திருப்பி, வால்கிட்ட பாக்கணும்."

எல்லோரும் லோகநாதனைப் பார்த்தார்கள். "உன் பாம்புதான, நீ போய்ப் பாரு," என்றார் பன்னீர்செல்வம்.

நல்லவேளையாக அந்த நேரத்தில் ஒரு பாம்பு மற்றதைத் தரையோடு அழுத்தியது. தோற்றது சாக்கடைப் பக்கம் ஓடியது. ஜெயித்தது நிதானமாகப் புடவை மேல் ஏறி, மதிலடி ஓட்டையில் நுழைந்தது.

"பாத்தீங்களா? என் வூட்டுக்குத்தான் போச்சி!" பன்னீர்செல்வம் கைதட்டினார். கைதட்டல் பாதியிலேயே நின்றது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவருடைய தறிக்குழி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அவர் மனைவி நெய்துகொண்டிருந்தாள். அவர் மதிலேறுவதற்குள் அங்கிருந்து அலறல் கேட்டது. லோகநாதனும் பகையை மறந்து, ஒரு கழியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். உண்ணாமலையும் மணிமேகலையும் மதிலோரம் ஓடினார்கள்.

தீபா தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப அந்தப் பொம்பளப் பாம்பு எங்க?"

சதீஷ் அப்போதுதான் அவளைப் பார்த்தான். "இங்கதான் எங்கனா இருக்குங்க. ஜெயிச்சது தேடிகினு போவும்."

"போனா? அது ஒத்துக்கணும்னு சட்டமா?"

"அதெல்லாம் கெடையாது. புடிக்கலன்னா அது பாட்டுக்குப் பூடும்."

அவள் தட்டிலிருந்து ஒரு காபி டம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினாள். "வாய மூடிகினு இருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும். ஏன் சொன்னீங்க?"

"காலத்துக்கும் இந்தப் பாம்ப வெச்சித்தான் நம்ம கல்யாணத்தப் பேசுவாங்க. தப்பாப் பேசக் கூடாது இல்ல?"

தீபாவுக்குச் சிரிப்பு வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், பாம்பு தெருவுக்கு ஓடிவிட்டது என்று பன்னீர்செல்வத்தின் குரல் கேட்டது. மதிலோரம் நின்றவர்களிடம் போய், "எனக்குச் சம்மதம். பாம்பு எதுவா இருந்தாலும்," என்றாள்.

மணிமேகலை மகனைப் பார்த்தாள். அவன் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒரு அசட்டுக் களை இருந்தது. "சரி, பண்ணிக்கலாம். ஆனா போளூர்ல யாரு கேட்டாலும் ஜோடின்னுதான் சொல்லணும்."

"நா பொய் சொல்ல மாட்டேம்மா."

"நீ சொல்ல வேணாம். சொல்றது நானு. நீ குறுக்கப் பேசாம இருந்தாப் போதும்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் மணிமேகலை ஒவ்வொரு உறவினராகப் பிடித்து உட்காரவைத்து அந்தக் கதையை ஆரம்பித்தபோதெல்லாம், சதீஷ் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். மூன்றாவது தடவையிலிருந்து தீபாவும் கூடவே போனாள்.