மூன்று பிரதிகளும் ஒத்துப்போயின

பல மாதங்களாகவே என் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் பாடும் லீஜியன் ஹாலில், அதாவது முன்னாள் படைவீரர் மன்றத்தில், எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். பாட்டில் ஒரு கனம் வந்திருக்கிறது, டோரீன் இப்போதுதான் நிஜமாகப் பாட ஆரம்பித்திருக்கிறாள் என்றார்கள். டாக்டர் மட்டும் பாராட்டவில்லை. குரல்வளையில் கட்டி, முழுவதுமாக எடுத்துவிட வேண்டும், ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தேதி கிடைத்திருக்கிறது என்றார். அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவேனாம். பிற்பாடு ஒரு கருவி பொருத்தினால் பேச்சு வருமாம், ஆனால் அது என் குரலாக இருக்காதாம். பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

காரில் திரும்பும்போது, எங்கள் ஊரான தண்டர் பேயின் துறைமுகத்துத் தானியக் கிடங்குகளைத் தாண்டியதும் என் கணவன் ரெய்னோ வாயைத் திறந்தான். நான் சொந்தமாகக் கட்டிய பாட்டுகளையெல்லாம் அந்தத் தேதிக்குள் ஒழுங்காகப் பதிவு செய்துவிடலாம் என்றான். எனக்கும் அதுதான் ஆசை. லீஜியனில் யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் என் பாட்டைவிடப் பக்கத்து அறையில் பிங்கோ விளையாட்டுக்குக் கூவும் எண்கள் தெளிவாகக் கேட்கும். என் பாட்டு என் குரலில் உலகத்தில் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

"லினக்ஸ்லயே பண்ணிடலாம் டோரி" என்றான் ரெய்னோ.

கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு மதம். ரெய்னோவின் குடும்பம் பின்லாந்திலிருந்து வந்தது. லினக்ஸை முதலில் எழுதியவரும் பின்லாந்துக்காரர். ஆகையால் அது குடும்பச் சொத்து, அதில் குறை சொன்னால் அவனுடைய வம்சத்தையே சொன்ன மாதிரி. நூலகத்தின் கீழ்த்தளத்தில் லினக்ஸ்காரர்கள் மாதாமாதம் கூடுவார்கள். அங்கே கிடைத்த உயிர்த் தோழன்தான் வெண்டல். இருவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஒத்துப்போயிருந்தால் பேச ஒன்றும் இல்லாமல் நட்பு எப்போதோ முறிந்திருக்கும்.

லினக்ஸில் பல வகை உண்டு, முதல் சண்டை எந்த லினக்ஸ் என்பதில். ரெய்னோவின் லேப்டாப்பில் இருந்தது கடிதம் எழுதவும் வரிக் கணக்குப் போடவும் நன்றாக இருக்குமாம், பாட்டுக்கு உதவாதாம். பாட்டுக்கென்றே தனியாக ஒன்று உண்டு என்றான் வெண்டல். அதைவிட நல்லது இன்னொன்று உண்டு என்றான் ரெய்னோ. லேப்டாப்பில் இருந்ததை முழுக்கத் துடைத்து ஒன்றைப் போட்டார்கள். பிறகு அதையும் துடைத்து மற்றதைப் போட்டார்கள். நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, பாடுவதற்குத் தயாராக நின்றேன். உட்காரச் சொன்னார்கள்.

அடுத்தது தாமதம். நான் மைக்கில் பாடுவது லேப்டாப்புக்குள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, என் ஹெட்ஃபோனுக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பாடுகிறவளுக்கு அது பின்னாலிருந்து யாரோ வக்கணை காட்டுவதுபோல இருக்கும். அந்தத் தாமதத்தைக் குறைத்தால் பேக்கன் இறைச்சி பொரிகிற மாதிரிச் சத்தம் வந்தது. பொரிகிற சத்தத்தை நிறுத்தினால் தாமதம் வந்தது. இணையத்தில் ஒரு மன்றத்தில் ரெய்னோ உதவி கேட்டான். ஏன் அப்படிச் செய்ய நினைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வேறு லினக்ஸ் போடச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் தனக்கும் இதே தொல்லை இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று எழுதினார். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை.

சமையலறை மேஜையில் மைக் நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் என்னை ஏதாவது பேசச் சொல்வான் ரெய்னோ. நான் பேசுவேன். அதைச் சேமித்து, சோதனை என்று பெயர் வைத்து எண் போடுவான். பாடச் சொல்லவே மாட்டான். பாட்டை வீணாக்கக் கூடாதாம், குரலை மிச்சம் வைக்க வேண்டுமாம். எதற்கு மிச்சம் வைப்பது என்று நான் கேட்டேன். அவன் திரையில் ஒரு எண்ணை மாற்றினான்.

வெண்டலோ லினக்ஸின் உட்கருவான கர்னலைப் பற்றி விளக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். என் கழுத்தை அறுப்பதில் அவன் டாக்டரை முந்திக்கொண்டான்.

ஒருநாள் ரெய்னோவும் வெண்டலும் வயர் தேட எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தபோது என் தங்கை கெயில் வினிபெக்கிலிருந்து கூப்பிட்டாள். எத்தனை பாட்டு முடிந்தது என்று கேட்டாள். ஒன்றும் முடியவில்லை என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஃபோனை மூஞ்சிக்கு முன்னாடி வெச்சு பாடித் தொலையேன்க்கா. தேதி நெருங்குது, தெரியுதா இல்லையா?" என்றாள். தெரிகிறது என்றேன். இன்னும் ஏதோ சொல்லி அவளைச் சமாதானப்படுத்தி வைத்தேன்.

கடைசியில் தாமதத்தைத் தீர்த்தது வெண்டல்தான். மைக் வயரைச் செருகும் சிவப்புப் பெட்டியில் ஒரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் பதிவுக்கு என் குரல் தனியாகப் போகும், என் காதுக்கோ லேப்டாப் பக்கமே போகாமல் நேராக வந்துவிடும். குமிழுக்குப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியும் இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ரெய்னோ, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மைக்கில் விழுகிறது, இடத்தை மாற்ற வேண்டும் என்றான்.

கொல்லையில் இருக்கும் சவுனாவுக்கு, பின்லாந்துக்காரர்களின் நீராவிக் குளியலறைக்கு, மாற்றினோம். மரச் சுவர், சன்னல் கிடையாது, போர்வைகளைத் தொங்கவிட்டால் வெளிச் சத்தம் எட்டாது. அதற்காக ரெய்னோ சவுனாவைச் சூடேற்றுவதையே நிறுத்தினான். சனிக்கிழமை சவுனாவில் புகை வராவிட்டால் அவனுடைய உறவினர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். இரண்டு பேர் வந்தும் விட்டார்கள். நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு பதிவு என்று முடிவானது. காலையில் எழுந்ததும் ரெய்னோ லேப்டாப்புக்கு அப்டேட் போட்டான். பதிவு நாளன்று அப்டேட் போடக் கூடாது என்று நூலகக் கூட்டத்தில் முழங்கியவனே அவன்தான். ஆனால் அப்டேட் இருக்கிறது என்று தெரிந்தும் போடாமலிருக்க அவர்களால் முடியாது, கை அரிக்கும்.

அப்டேட் முடிந்ததும் திரையிலிருந்த கம்பிகளெல்லாம் கழன்றிருந்தன. அது ஒரு தனி ஏற்பாடு. திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் கம்பி இழுக்க வேண்டும். மைக்கிலிருந்து பதிவுக்கு ஒரு கம்பி. டொக் டொக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமிலிருந்து என் ஹெட்ஃபோனுக்கு ஒரு கம்பி. ரெய்னோ இழுத்தான், வெண்டல் குறை சொன்னான், ரெய்னோ அழித்துவிட்டு மறுபடி இழுத்தான். பிறகு கையை உயர்த்தினான். நான் பாடினேன்.

எல்லாப் பாட்டுகளையும் பாடினேன். அப்படி நான் லீஜியனில் பாடியதில்லை, எங்குமே பாடியதில்லை. வலித்தது, இருந்தாலும் பாடினேன். ஹெட்ஃபோனில் என் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. கதவருகே லேப்டாப் திரையில் பச்சைக் கோடு தாளம் தவறாமல் எழும்பி எழும்பி இறங்கியது. அதைப் பார்த்து ரெய்னோ தலையாட்டிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் வெண்டல் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒரு குறையும் சொல்லவில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

போட்டுக் கேட்கலாமா என்றேன். ரெய்னோவுக்குத் தைரியம் வரவில்லை. "இப்ப வேணாம் டோரி. நீ நல்லபடியா வீட்டுக்கு வா. சேர்ந்து உக்காந்து கேப்போம்" என்றான். அதற்குப் பதிலாக அவனுக்குத் தெரிந்த வழியில் அதைப் பாதுகாத்தான். மூன்று வெவ்வேறு டிஸ்குகளில் நகல் எடுத்தான். ஒன்று வீட்டில், ஒன்று வெண்டலிடம், வீடு தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒன்று காரில். மூன்றிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று ஒரு கட்டளையைத் தட்டிச் சரிபார்த்தான். மூன்று பிரதிகளும் அச்சாக ஒத்துப்போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் கழுத்தில் துளையும் கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையுமாகத் திரும்பினேன். வெண்டல் ரோஜா நிறக் கிரீம் பூசிய பெர்ஷியன் பன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். எனக்கு விழுங்க முடியாது என்பது அவனுக்கு நினைவில்லை. இரண்டு பேருமே சாப்பிட்டார்கள். பிறகு ரெய்னோ சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, பெரிய ஸ்பீக்கர்களை என் பக்கம் திருப்பி வைத்து, பாட்டைப் போட்டான்.

டொக். டொக். டொக். டொக்.

அடுத்த பாட்டு. அது கொஞ்சம் வேகமான பாட்டு, வேகமாக டொக் டொக் என்றது. எல்லாப் பாட்டுகளிலும் அதுதான் இருந்தது. பதிவுக்குப் போகவேண்டிய கம்பி மைக்கிலிருந்து போகவில்லை, மெட்ரோனோமிலிருந்து போயிருந்தது. நான் கேட்டது சிவப்புப் பெட்டி நேராகக் காதுக்கு அனுப்பிய குரல். அவர்கள் பார்த்த பச்சைக் கோடு தாளத்தின் கோடு. ரெய்னோ காருக்கு ஓடிப் போய் இரண்டாவது டிஸ்கை எடுத்து வந்தான். வெண்டல் மூன்றாவதைத் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்தான். எதிலும் ஒரு புள்ளிகூட மாறியிருக்கவில்லை.

நான் பலகையை எடுத்து, தாளம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். வெண்டல் அழுதுவிட்டான். ரெய்னோ எழுந்து, கொல்லைப்பக்கம் போய், சவுனாவுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே நெருப்புகூட இல்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? அதைவிட அவனைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. சமையலறைச் சன்னலருகே நின்று வாயைத் திறந்தேன். காற்று வேறு வழியாகப் போனது.

அதன் பிறகு ரெய்னோ கீழ்த்தளத்தில் குடியேறினான். என்ன செய்கிறாய் என்று எழுதிக் கேட்டால், ஒன்றுமில்லை என்பான். பனி முழுவதும் உருகிய பிறகு ஒருநாள் மேலே வந்து, பியானோ மாதிரி ஒரு சின்னக் கீபோர்டை மேஜையில் என் நாற்காலிக்கு முன்னால் வைத்தான். அதன் வயர் லேப்டாப்புக்குப் போனது, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு. கட்டைகளில் துண்டு ஸ்டிக்கர் ஒட்டி அவனுடைய கோணல் கையெழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

லினக்ஸ்காரர்கள் ஒருமுறை பதிவு செய்து சேமித்த எதையும் அழிப்பதில்லை. நான் பேசிய சோதனைகள் எல்லாம் அப்படியே இருந்திருக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டு வெட்டி, ஒரு கட்டைக்கு ஒன்றாக வைத்திருந்தான். நான் முதல் கட்டையை அழுத்தினேன். "ஏய்யா ரெய்னோ" என்றேன். கரகரப்பாக, எரிச்சலாக, நானேதான். அடுத்த கட்டை: "இப்பவாவது பதிவாகுதா?" அடுத்தது: "சூப் ஆறுது." பிறகு, "வெண்டலை வீட்டுக்குப் போகச் சொல்லு, அவன் பொண்டாட்டி தேடப் போறா." ஒரு இருமல். ஒரு சிரிப்பு. "வேணாம்" மட்டும் நாலு விதமாக இருந்தது. பாட்டு என்று பார்த்தால் ஒரே ஒரு கட்டையில், பாத்திரம் கழுவும்போது நான் முணுமுணுத்த அரை வரி. என் குரலில் உலகத்தில் மிஞ்சியதில் முக்கால்வாசி அவனைத் திட்டியது.

வலது கோடியில் ஒரு கட்டையில் மட்டும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதைக் காட்டாமல் ரெய்னோ, ஒரு வயர் எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனான். நான் அழுத்தினேன்.

"இல்ல கெயில். ஃபோன்ல பாடினா இன்னிக்கே முடிஞ்சிடும். முடிஞ்சா அப்புறம் இவன் என்ன பண்ணுவான்? உக்காந்து என் கழுத்தையே பார்த்துட்டிருப்பான். மனுஷன் பயந்து கிடக்கான்டி. ஓடுற வரைக்கும் ஓடட்டும். எனக்கும் இவன் பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கு." பதிவிலேயே, படிக்கட்டில் காலடிச் சத்தம். உடனே என் குரல் மாறியது. "என்னய்யா, வயர் கிடைச்சுதா இல்லையா?"

சமையலறை மைக் அன்று அணையாமல் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. அவன் இதைக் கேட்டிருக்கிறான், எத்தனை முறை என்று தெரியாது. வெட்டாமல், சுருக்காமல், காலடிச் சத்தத்தோடு அப்படியே வைத்திருக்கிறான். நான் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அழும்போதும் சத்தம் வரவில்லை.

அன்று வியாழக்கிழமை, எங்கள் வீட்டில் வாராவாரம் பட்டாணி சூப் வைக்கும் நாள். விழுங்க இப்போது எனக்கும் முடியும், அடுப்பை அணைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். வயர் எடுக்கப் போனவன் இன்னும் மேலே வரவில்லை. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டு முதல் கட்டையை அழுத்தினேன், பிறகு மூன்றாவதை.

"ஏய்யா ரெய்னோ. சூப் ஆறுது."

கீழே ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு படிக்கட்டின் அடியிலிருந்து, எத்தனையோ வருஷமாக அவன் சொல்லி வந்த அதே சலிப்போடு பதில் வந்தது.

"வர்றேன், வர்றேன். கத்தாதே."