அரியலூர்க் கல்

கிணற்றுக்குள் இறங்குமுன் அண்ணன் குப்பண்ணன் தன் கூழில் கிடந்த வெங்காயத்தை எடுத்து என் கும்பாவில் போட்டார்.

"தின்னுடா நஞ்சப்பா. படிச்சுப் படிச்சு ஒணங்கிப் போய்ட்ட."

அதுதான் நாங்கள் சேர்ந்து சாப்பிட்ட கடைசி வேளை. 1974, மே மாதம். எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்கள் நிலம். பாறையைத் தொட்டும் தண்ணீர் வராததால் அண்ணன் கிணறு வெட்டுவதை நிறுத்தியிருந்தார். மறுபடி வெட்ட வைத்தது நான்தான்.

கல்லூரியில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் அரியலூர் போய், சங்குபோல் சுருண்ட கல் ஒன்று கொண்டுவந்தேன். கடலில் வாழ்ந்த பிராணி கல்லாகிப் போனது, இதே இனம் மடகாஸ்கர் தீவிலும் கிடைக்கிறது என்றேன். அந்தக் காலத்தில் அந்தத் தீவும் நம் நிலமும் வெகு தெற்கே அக்கம்பக்கமாக இருந்தன. கடல் நீரோட்டம் இதன் குஞ்சுகளை இரு கரைக்கும் கொண்டு சேர்த்திருக்கும். அண்ணி மருதாத்தாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்ப இங்கயும் அடியில கடலுதான்," என்றார் அண்ணன்.

"இல்லீங்கண்ணா, அரியலூர்லதான். நம்ம பாறை வேற."

"கடலென்ன தாசில்தாரு கிட்ட எல்லை கேட்டுட்டா நிக்கும்?"

அண்ணி சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அதற்குமேல் மறுக்காமல் இருந்துவிட்டேன். மறுநாள் அண்ணன் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, கிணற்றுமேட்டில் பிள்ளையாராக வைத்துக் கற்பூரம் காட்டினார். வேலை தொடங்கியது.

கூழ் குடித்து நாங்கள் இருவரும் இறங்கிய ஒரு மணி நேரத்தில் மேல்மண் சரிந்தது. என்னை இடுப்புவரை மூடியது, அண்ணனை மார்புவரை. கையை அசைத்தால் மண் இன்னும் இறங்கியது. மேலே அண்ணியின் அலறலும் ஆட்கள் ஓடிவரும் சத்தமும் கேட்டன. மண் உதிர்ந்துகொண்டே இருந்ததால் யாராலும் இறங்க முடியவில்லை.

"நஞ்சப்பா." அவருக்கு மூச்சு வாங்கியது. "கடலுக்கு இன்னும் எத்தன அடி இருக்கும்?"

என் முகத்துக்கு நேரே பாறை. அந்தச் சங்கு பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே இறுகியது. அதற்குள் எந்தக் கடலும் இல்லை.

"கொஞ்சந்தானுங்கண்ணா."

"நாந்தான் சொன்னனல்லோ," என்றார். பிறகு பேசவில்லை.

மண் உதிர்வது நின்றபின், மாலை நாலு மணிக்கு என்னைத் தூக்கினார்கள். அவரை மறுநாள் எடுத்தார்கள்.

அதன்பின் அந்தக் கிணற்றில் யாரும் கடப்பாரை வைக்கவில்லை. ஆழம் நாற்பத்திரண்டு அடி.